பிரேக் பிடித்த சக்கரம்

எங்கள் சைக்கிள் கடையின் முன்பக்கம் என் வீட்டுக்காரருடையது. பேச்சு, சிரிப்பு, பேரம் எல்லாம் அங்கேதான். பின்னறையில் ஜன்னலோர மேஜை என்னுடையது. கார்பன் சக்கரம் என்றால் நேராக என்னிடம் வந்துவிடும். வருகிறவர்கள் சக்கரக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி என்பதும் எனக்குத் தெரியும். நான் வாடிக்கையாளரைத் திட்டுவதில்லை. எனக்கு முன்னால் அந்தச் சக்கரத்தில் கை வைத்தவனைத்தான் திட்டுவேன். இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். எவன் இதைத் தொட்டான் என்று ஆரம்பிக்காவிட்டால் எங்களுக்கு வேலையே ஓடாது.

அன்று மதியம் ஒரு பெரியவரும் ஒரு இளம்பெண்ணும் போர்வையில் சுற்றிய சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "எங்க கொண்டுபோய் மோதினீங்க?" என்று என் வீட்டுக்காரர் பல்லைக் காட்டிக் கேட்டார். "என் பையன் இதுலதாங்க போய்ச் சேர்ந்தான்," என்றார் பெரியவர். அவ்வளவுதான், மனுஷன் வாயை மூடிக்கொண்டு அவர்களை என்னிடம் அழைத்து வந்துவிட்டார்.

அந்தப் பெண் அவருடைய மருமகள். மாமனாருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினாள்.

"ரிப்பேருக்கு வரலக்கா. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவர் பிரேக் புடிச்சாரா, இல்லையா?"

"எதுக்கும்மா கேக்கறீங்க?"

அழுது தீர்த்தவளின் குரலில் சொன்னாள். கணவனுக்கு வேலை போயிருந்தது. அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை, தூங்குவதில்லை. நினைத்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைப்பாதைக்குப் போய்விடுவானாம். கடைசியாகப் போன அன்று காலையில் இருவருக்கும் சண்டை.

"போறதுன்னா ஒரேயடியா போயிடுங்கன்னு சொல்லிட்டேன். அத்தை காதுல விழுந்துடுச்சு. சரிவுல நின்னவங்க, வண்டி வேகம் குறையவே இல்லன்னு சொல்றாங்க. பிரேக் புடிக்காம வேணும்னேதான் விட்டுட்டான்னு அத்தை முடிவு பண்ணிட்டாங்க. என் வாய்தான் அவரைக் கொன்னுச்சுன்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றாங்க. நான் எடுத்து வச்சா சாப்பிடறது கூட இல்ல."

"நானும் சொல்லிப் பாத்துட்டேன், என் பேச்சு எடுபடல," என்றார் பெரியவர். "விஷயம் தெரிஞ்சவங்க ஒருத்தர் பாத்துச் சொல்லிட்டா அவ வாய் அடங்கும். அதான் நானே கூட்டிட்டு வந்தேன்."

பெற்றவளின் வேதனை புரியாமல் இல்லை. அதற்காகப் புருஷனைப் பறிகொடுத்து நிற்கிறவள் தலையிலா கொண்டுபோய் வைப்பது? இரண்டு சக்கரங்களையும் கழற்றி மேஜையில் வைத்தேன்.

முன்சக்கரம் ஓரிடத்தில் நொறுங்கி, கருப்பு இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அது விழுந்து மோதியதில் உடைந்தது. அதை விட்டுவிட்டேன். ரிம்மில் பிரேக் கட்டை உரசுகிற பட்டையை ஸ்பிரிட் துணியால் சுற்றிலும் துடைத்தேன். கார்பன் ரிம் என்பது இழைகளை அடுக்கடுக்காக வைத்துப் பசையில் ஒட்டியது. அளவுக்கு மீறிச் சூடேறினால் பசை இளகும், அடுக்குகள் பிரியும், ரிம்மின் சுவர் வெளியே தள்ளும். மோதலில் உடைவது ஒரே இடத்தில் உடையும். சூட்டில் கெடுவது அப்படி இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலைப் பட்டைமேல் ஓட்டினேன். மழையில் ஊறிய பலகை போல ஊதியிருந்தது. நொறுங்கிய இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்திலும் அதே வீக்கம். வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தேன், இடத்துக்கு இடம் அகலம் மாறியது. காசால் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். இதில் பாதிச் சுற்றுக்குமேல் பொத்துப் பொத்தென்றுதான் கேட்டது. பின்சக்கரத்தைத் தட்டினேன், அது முழுக்கக் கணீரென்றது.

"புடிச்சிருக்காரும்மா," என்றேன்.

அவள் நம்பாதவள் போலப் பார்த்தாள்.

"இங்க விரலை வச்சுப் பாருங்க. இந்த மேடு கீழ விழுந்ததால வராது. பிரேக்கை இறுக்கிப் புடிச்சு, விடாம புடிச்சு, அந்தச் சூட்டுல வந்தது. ரொம்ப தூரத்துக்கு புடிச்சிருக்கார். சூடு ஏற ஏற கட்டை வழுக்கும், அதான் வேகம் குறையல. கடைசில ரிம் விரிஞ்சு டயர் கழண்டிருக்கு. நிறுத்தத்தான் பாத்திருக்கார். தன்னால முடிஞ்ச மட்டும் பாத்திருக்கார்."

அவள் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியவர் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். "கேட்டியாம்மா? நான் சொன்னேன்ல," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கண்ணிலும் நீர் கொட்டியது.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்கவில்லை, முன் பிரேக்கில் இருந்த கட்டைகளைக் கழற்றிப் பார்த்தது. உருகிப் பளபளத்தாலும் புதுக் கட்டைகள்தான். பின் பிரேக்கின் கட்டைகளையும் உருவி ஒப்பிட்டேன். அவ்வளவுதான், வாய் தன் பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"எந்த மடையன் இதை மாட்டினான்? இது அலுமினியம் ரிம்முக்குப் போடற கட்டை. கார்பன்ல இதைப் போட்டா அடுப்புல வச்ச மாதிரிதான். பின்னாடி சரியான கட்டை இருக்கு, அது ஒண்ணும் ஆகல. முன்னாடி மட்டும் எவனோ மாத்தித் தொலைச்சிருக்கான். தலைக்குள்ள ஏதாவது இருக்கறவன் செய்யற வேலையா இது?"

அவள் தலைமேல் இருந்த கை நின்றது. பிறகு மெல்ல விலகியது. பெரியவர் என் கையில் இருந்த கட்டையையே பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது," என்று மழுப்பினேன். "ரிம்மே பழசா இருக்கலாம். தயாரிக்கறப்பவே கோளாறு இருந்திருக்கலாம். சூடுதான்னு கூட..."

அவள் நிமிர்ந்தாள். "என்னக்கா இழுக்கறீங்க? இப்பதானே சூட்டுலதான் வந்துச்சுன்னு சொன்னீங்க. என்னைத் தேத்தறதுக்காகச் சொன்னீங்களா?"

கையிலிருந்த கட்டையை மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

"அவங்க முதல்ல சொன்னதுதாம்மா நிஜம்," என்றார் பெரியவர். "கட்டையை மாத்தினது நான்."

முன்பக்கம் யாரோ புது சைக்கிள் மணி ஒன்றைச் சோதித்து அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"முன்னாடி கட்டை தேஞ்சுடுச்சுன்னு சொல்லிட்டே இருந்தான், மாத்தத்தான் மனசு வரல அவனுக்கு. எதுலதான் மனசு இருந்துச்சு. நாமளாவது செய்வோமேன்னு வாங்கிட்டு வந்து, அவன் எந்திரிக்கறதுக்குள்ள மாட்டி வச்சேன். எல்லாக் கட்டையும் ஒண்ணுதானேன்னு நெனச்சேம்மா. பாத்துட்டு, தேங்க்ஸ்ப்பான்னான். ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் கடையே இடிந்திருக்கும். அவள் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சக்கரங்களைப் போர்வைக்குள் வைத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"அத்தைகிட்ட இதைச் சொல்ல வேணாம் மாமா," என்றாள். "தாங்க மாட்டாங்க. கடையில பாத்தாங்க, ஒண்ணும் கண்டுபுடிக்க முடியலன்னு சொல்லிடலாம்."

"அப்புறம் உன்னையில்ல அவ..."

"எனக்குத்தான் தெரிஞ்சுடுச்சே. அவர் நிறுத்தத்தான் பாத்தார். அது போதும்."

அவர் மறுப்பார் என்று காத்திருந்தேன். கேட்காமலேயே உண்மையைச் சொன்ன மனுஷன், வீட்டிலும் நானே சொல்கிறேன் என்று சொல்லத்தான் போகிறார் என்று உறுதியாக நம்பினேன். அவர் தரையைப் பார்த்தார். பிறகு குனிந்து போர்வையின் தன் பக்கத்து முனையைப் பிடித்தார்.

"சரிம்மா," என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அத்தை ஒருவேளை இங்க வந்து கேட்டாங்கன்னா..."

"முடியலன்னே சொல்லிடறேன்," என்றேன்.

இருவரும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பெரியவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.