வாடகை தராத வண்டு

மேசை விசிறியை நிறுத்தப் போன அத்தையின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

“அது ஓடட்டும் அண்ணி. அந்தச் சத்தம் இல்லாம அவருக்குத் தூக்கம் வராது.”

அழுதுகொண்டிருந்த அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுவரோரம் நின்ற மகள் அப்பாவைப் பார்த்தாள். விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். இப்போது கூடத்தில் படுத்திருந்தார். தலைமாட்டில் விசிறி வழக்கம்போல் கடகடத்தது.

தகர டப்பா அடிக்கும் பட்டறையில் ஆயுசு முழுக்க உழைத்தவர். காதுக்குள் ஓயாமல் ஒரு ரீங்காரம். “வண்டு ஒண்ணு குடியிருக்கு. வாடகையும் தராது, காலியும் பண்ணாது” என்பார். பட்டறையில் அவர் பெயரே வண்டுக்காரர். விசிறி கடகடத்தால்தான் வண்டு கொஞ்சம் அடங்கும்.

வந்தவர்கள் ஆளாளுக்கு டாக்டரானார்கள். காதில் அழுக்கு என்றார் சித்தப்பா. ரத்தக் கொதிப்பு என்றாள் அத்தை. சில மாத்திரைகள்கூட அப்படிச் செய்யுமாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அப்பா இருந்தபோதே காது டாக்டர் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பட்டறை இரைச்சல் என்று முடிவுக்கு வந்தார். உள்காது தேய்ந்துவிட்டது, கேட்காமல் போன சத்தத்துக்கு ஈடாக மூளையே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது என்றார்.

“அப்ப என் மூளை வேலை செய்யுதுன்னு எழுதிக் குடுங்க டாக்டர். வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க” என்றார் அப்பா.

அதை நினைத்து மகள் சிரிக்கவில்லை. அவளுக்கும் அதே பட்டறையில்தான் வேலை. சில மாதங்களாக அவள் இடது காதிலும் வண்டு. அம்மாவுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்வாள். அவளுக்கோ அந்த வேலை உயிர். பட்டறையை மேற்பார்க்கும் போர்மேனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

பட்டறை ஆட்கள் வந்தார்கள். இயந்திரங்களுக்கு நடுவே கத்திக் கத்தியே பேசிப் பழகியவர்கள். அவர்கள் ரகசியம் தெருமுனை வரை கேட்கும். போர்மேன் அப்பாவைக் கும்பிட்டுவிட்டு, மகளின் காதருகே குனிந்து, தன்னளவில் ரகசியமாகச் சொன்னார்:

“உன் காதுலயும் சத்தம் கேக்குதுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டியாம்மா? நான் யார்கிட்டயும் மூச்சுவிடலை!”

கூடத்தில் பேச்சு நின்றது. விசிறி மட்டும் கடகடத்தது.

அம்மா மகளைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

“நீங்க மட்டும் காலி பண்ணிட்டு, வண்டை இவகிட்ட விட்டுட்டுப் போறீங்களே!”

யாரோ சிரித்தார்கள். போர்மேனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் ஓடி வந்து அம்மாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள்.

எல்லாம் முடிந்து உறவுகள் கிளம்பிய பிறகு அம்மா கேட்டாள்.

“எந்தக் காது?”

“இடது. வேலையை விடச் சொல்லுவியாம்மா?”

“சொன்னா உங்கப்பா கேட்டாரா, நீ கேக்க? நாளைக்கே காது டாக்டர்கிட்ட போறோம். உங்கப்பாவுக்கு வாங்கின காதடைப்பான் பீரோவுல புதுசா தூங்குது. அதை மாட்டாம பட்டறைக்குள்ள கால் வெச்சே, அப்புறம் இருக்கு உனக்கு.”

பிறகு விசிறியைத் தூக்கிக்கொண்டு போய் மகளின் கட்டிலருகே வைத்து பிளக்கைச் செருகினாள்.

“இனிமே இது உன் பாடு. நானும் ஒரு நாளாவது நிம்மதியாத் தூங்கணும்.”

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் கண்ணை மூடினாள். விசிறி கடகடத்தது.

கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் விலகியது. அம்மா தன் அறைக் கதவை அகலத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் ஒரு செருப்பை முட்டுக்கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.