மூன்று செக்கன் தாமதம்

ஒரு மனிதன் இன்னொரு மனிதன் மேல் வைக்கும் நம்பிக்கைக்கு ஓட்டமாவடியில் விலை முன்னூற்றைம்பது ரூபாய். கார் திருத்தும் உசனார் மாசி மாதம் அந்த விலைக்குத்தான் விற்றார். ஐம்பதைக் குறைக்கச் சொல்லி ரதீஸ் நின்றபோது, ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார். தான் விற்றது என்னவென்று ஐப்பசியில்தான் அவருக்கே தெரிந்தது.

ரதீஸ் வாழைச்சேனையில் ஆள் ஏற்றி ஹயர் ஓடுகிறவன். எண்ணூறு சீசீ சின்னக் கார் ஒன்று, அதுதான் அவனுக்குச் சோறு. ஆனியில் பிடித்தது வியாதி. நின்ற இடத்தில் எஞ்சின் அழகாக ஓடும். எக்ஸிலேட்டரை ஊன்றி மிதித்தால் மட்டும், சீதனம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டாரைப்போல மூன்று செக்கன் யோசித்துவிட்டுத்தான் நகரும். உசனார் அப்போது கடையைப் பூட்டிவிட்டு அக்கரைப்பற்றில் மகள் வீட்டில் இருந்தார். வேறு இடங்களில் பிளக் மாற்றினார்கள், பெற்றோல் பம்ப் மாற்றினார்கள். காசு போனது; யோசனை போகவில்லை.

புரட்டாதியில் சித்தாண்டிக்கு அங்கால் ஓர் உழவு மெஷினை முந்தும்போது எதிரே பஸ் வந்துவிட்டது. ரதீஸ் மிதித்தான். கார் யோசித்தது. பஸ்காரன் பிரேக்கில் ஏறி நின்றதால் பக்கக் கண்ணாடி மட்டும் பறந்தது. பின் சீட்டில் இருந்தவர் ஆச்சிப்பிள்ளை. வாரம் இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்க மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகிற மனுசி. ரதீஸின் நிரந்தர வாடிக்கை. அன்றைக்கு இறங்கியவர் பிறகு ஏறவேயில்லை. பஸ்ஸில் போய், கை கால் சோர்ந்து பஸ்ஸிலேயே திரும்பினார். அவர் ஏறவில்லையென்று கேள்விப்பட்டு மற்றவர்களும் ஏறவில்லை.

ஐப்பசியில் உசனார் ஊர் திரும்பிக் கடை திறந்தபோது, ரதீஸ் காரை விற்க முடிவெடுத்திருந்தான். வாங்க வந்தவர் ஆதம்பாவா, உசனாரின் மனைவிக்குத் தம்பி, வாகனத் தரகர். இருபத்தெட்டு இலட்சம் பெறுமதியான காருக்குப் பத்தொன்பது சொன்னார். உசனார் நானா ஒருக்கால் பார்த்து, இது தேறாது என்று சொன்னால் மட்டும் கையெழுத்து வைப்பதாக ரதீஸ் சொல்லிவிட்டான்.

ஆதம்பாவா மச்சானைக் கடைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார்.

"எஞ்சின் போகப்போகுதெண்டு ஒரு வார்த்தை சொல்லுங்க மச்சான். மிச்சத்த நான் பாக்கிறன். ராத்தாட ஊட்டுக் கூரை ஒழுகுதெண்டு கேள்விப்பட்டன்."

ராத்தா என்றது அக்காவை; ஒழுகியது உசனாரின் கூரை. உசனார் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவர் பிறந்து வளர்ந்த சந்தையில் அதற்கு ஓமென்றுதான் அர்த்தம்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. காரை ஓட்டிப் பார்த்தார். பம்பின் அழுத்தம் சரி. பிளக்குகள் புதுசு. காற்று வடிப்பானும் புதுசு. பிறகு வடிப்பான் பெட்டிக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாயைக் கழற்றி ஒதுக்கிவிட்டு மிதித்தார். யோசனையே இல்லாமல் எஞ்சின் சீறியது. ஆக, பெட்டிக்கு இந்தப்பக்கம் எல்லாம் சுகம். அடைப்பு அந்தப்பக்கம், குழாயின் வாயில். அது முன்விளக்குக்குப் பின்னால் ஒளிந்து கிடப்பது. ஒருவரும் அங்கே குனிந்திருக்கமாட்டார்கள்.

விரலை விட்டுத் துழாவினார். வெளியே வந்தது ரோஸ் நிற நுளம்பு வலைத்துண்டு.

உசனார் அதை விரித்துப் பார்த்தார். மாசியில் வயல் வட்டைகளில் அறுவடை நடக்கும்போது சனம் தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போடும். அதன்மேல் ஓடுகிற கார்கள் பதரையும் தூசையும் உறிஞ்சும். அதற்காக ஹயர்காரருக்கெல்லாம் குழாய் வாயில் இரட்டை வலை கட்டிவிடுவது உசனாரின் சொந்தக் கண்டுபிடிப்பு. வலை, மகளுடைய பழைய தொட்டில் வலை. இந்த ரோஸ் நிறம் ஊரில் வேறு எந்தக் கடையிலும் இல்லை. அறுவடை முடியக் கழற்றவேண்டும். மற்றவர்களுக்குச் சொன்னார். ரதீஸுக்குப் பிளேன்டீ கொடுத்தார், சொல்ல மறந்துபோனார். தூசும் பனியும் சேர்ந்து வலை ஓடாக இறுகி, ஒருபக்கக் கட்டு அறுந்து, கதவுபோலத் தொங்கியிருக்கிறது. மெதுவாக ஓடினால் திறந்து கிடக்கும். ஊன்றி மிதித்தால் காற்றோடு இழுபட்டு வாயை மூடும். அது விலகிக் கொடுக்க மூன்று செக்கன்.

வலையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு குழாயைப் பூட்டினார். மிதித்தார். சத்தம் கேட்டு ரதீஸ் ஓடிவந்தான். பின்னால் ஆதம்பாவா, முகம் சுருங்கி.

"அடைப்புத்தான், தம்பி. எடுத்திட்டன். விக்காத."

அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சுபம். ரதீஸ் கண் கலங்கி, அங்கேயே ஆச்சிப்பிள்ளைக்குப் போன் எடுத்து, உசனார் நானா கை வைத்துவிட்டார், நாளைக்குக் கார் வரும் என்றான். பிறகு ஐயாயிரம் ரூபாய்த் தாளொன்றை இரண்டு கையாலும் நீட்டினான். எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாகக் காசு வாங்கிய உசனாரின் கை அன்றைக்கு எழும்பவில்லை. அது சட்டைப் பைக்குள் போனது.

"இது நான் கட்டினது, தம்பி. மாசியில. கழட்ட வா எண்டு உனக்குச் சொல்லல்ல."

ரதீஸ் வலையை வாங்கிப் பார்த்தான். பதர் உதிர்ந்து அவன் காலில் விழுந்தது.

"என்னக் காப்பாத்தின அந்த பஸ்காரன்ட பேர் கூட எனக்குத் தெரியா, நானா. உங்கட பேரத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன்."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். கார் ஒரு செக்கன்கூடத் தாமதிக்காமல் தெருவில் ஏறிப் போயிற்று.

ஆதம்பாவா இடுப்புச் சாரத்தை உதறினார். "வாய மூடிட்டு இரிந்திருந்தா ஒம்பது லெச்சம், மச்சான். ஒம்பது." அவரும் போனார்.

உசனார் கணக்குக் கொப்பியை எடுத்தார். கடன்காரர் பக்கத்தில் முதல்முறையாகத் தன் பெயரை எழுதினார்.

ரதீஸுக்குக் கொடுக்கவேண்டியது: பிளக் 8,400. பெற்றோல் பம்ப் 36,000. பக்கக் கண்ணாடி 6,500. வலை கட்டிய கூலி 350. மொத்தம் 51,250.

அதன் கீழே: ஆச்சிப்பிள்ளை பஸ்ஸில் போய்வந்தது, பதினொரு தடவை. எதிரே தொகை போடப் பேனாவை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அந்த இடம் வெறுமையாகவே கிடக்கிறது.