முதுகு காட்டிய பதினோரு நாட்கள்

1

"உங்கக்கா முகம் எங்கயாவது பதிவாகியிருக்கா?"

படப்பிடிப்பில் ஒரு உதவி இயக்குநர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கதை இங்கிருந்துதான் வந்தது. என் பதில் ஒரு தலையசைப்பு. அதை எழுதத்தான் மூன்று நோட்டுகளைப் பாழாக்கியிருக்கிறேன்.

'நான்' என்று தொடங்கினால் கை நின்றுவிடுகிறது. எழுந்து நின்று பாடம் வாசிக்கப் பயந்தே எட்டாவதோடு பள்ளியை விட்டவளுக்குத் தாளில்கூட எழுந்து நிற்க வரவில்லை. ஆகவே இனி அவள் சின்னவள். அக்கா, பெரியவள். சின்னவள் யாரென்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருங்கள். சினிமாவில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவதும் அதைத்தான்.

2

முதல் தொடக்கம் (அடித்தது): விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் வந்தது. கீழ்வானம் மெல்ல

வானத்தை விடுங்கள். வேனில் யார் வானத்தைப் பார்த்தார்கள்? எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்கள்.

இரண்டாவது தொடக்கம், இந்த வேலைக்குப் போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதியது: மங்கலான நிறத்தில் மூன்று உடை கொண்டுபோங்கள். வெள்ளை வேண்டாம், கோடு போட்டது வேண்டவே வேண்டாம். நாள் முழுக்கக் காத்திருப்பீர்கள்; நடக்கப்போவது நாற்பது அடி. கேமராவைப் பார்க்காதீர்கள். கதாநாயகனையும் பார்க்காதீர்கள். பேசுவது போல வாயசையுங்கள், சத்தம் வரக் கூடாது. 'ஒன்ஸ் மோர்' என்றால் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து, அதே காலை எடுத்துவைத்து மறுபடி நடங்கள்.

(பெரியவள் படித்தால், "கால் வீங்கும்னு எழுதினியாடி?" என்பாள். கால் வீங்கும்.)

முக்கியமானது ஒன்று. ஒரு காட்சியில் உங்கள் முகம் தெளிவாகப் பதிந்துவிட்டால், அதே படத்தில் நீங்கள் வேறு ஆளாக வர முடியாது. காலையில் நோயாளியைப் பார்க்க வந்தவள் மாலையில் நர்ஸாக நின்றால் படம் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். வேலை நீடிக்க வேண்டுமா, முதுகைக் காட்டுங்கள்.

3

பெரியவள் ஆறு வருடமாகக் கூட்டத்தில் நின்றவள். பேசுகிறவர்கள் பட்டியலில் பெயரோடு வருவார்கள். பேசாதவர்கள் 'பெண்கள், முப்பது' என்று வருவார்கள். ஒரு முறையாவது அந்த முப்பதிலிருந்து வெளியே வர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

இந்தப் படத்தில் இருவருமே கூட்டத்தில். மருத்துவமனை செட். உதவி இயக்குநர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "கடைசில ஒரு நர்ஸ் வருதும்மா. ஒரே ஒரு வரி. அது உனக்குத்தான். அதுவரைக்கும் முகம் மட்டும் தெரிஞ்சிடக் கூடாது."

வரி இதுதான்: "கையெழுத்து போட்டுட்டு உள்ள போங்க."

பாத்திரம் கழுவும்போது சொன்னாள். தலை வாரும்போது சொன்னாள். கீழ் வீட்டுக்காரர் ஒரு நாள் ஜன்னல் வழியாகக் கத்தினார்: "பேனாவைக் குடும்மா, போட்டுத் தொலைக்கிறேன்!"

"'உள்ள'ல அழுத்தணுமா, 'போங்க'ல அழுத்தணுமா?"

சின்னவள் தோளைக் குலுக்கினாள்.

"ஊமைக்கோட்டான்! உங்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு."

4

ஒன்பதாம் நாள். இதை மட்டும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன்.

நீளமான நடைபாதை. பெரியவள் கேமராவுக்கு முதுகைக் காட்டி நடந்துபோகிறாள். சின்னவள் குளுக்கோஸ் பாட்டில் தொங்கும் கம்பிக்குப் பின்னால், பாதி மறைந்து நிற்கிறாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தவர்கள் அதன் சக்கரத்தைச் சின்னவளின் பாதத்தில் ஏற்றிவிட்டார்கள்.

"அக்கா!"

வருடக்கணக்கில் வராத சத்தம். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரியவள் சட்டென்று திரும்பிவிட்டாள். ஒரு நொடி. இயக்குநருக்கு அலறல் பிடித்துப்போய், ஓகே சொல்லிவிட்டார்.

மதியம் சின்னவளின் பாதத்துக்கு ஈரத்துணி கட்டிக்கொண்டே பெரியவள் சொன்னாள்: "நான் திரும்பினத யாரும் பாக்கல. நீயும் பாக்கல. என்ன?"

சின்னவள் தலையாட்டினாள்.

5

பன்னிரண்டாம் நாள் காலை, நர்ஸ் காட்சி. பெரியவள் டீ வாங்கப் போயிருந்தாள். உதவி இயக்குநர் அவசரமாக வந்தார்.

"ஒம்பதாம் நாள் எடுத்ததுல யாரோ ஒரு பொம்பளை திரும்பற மாதிரி இருக்கு. மங்கலாத்தான் தெரியுது. உங்கக்கா முகம் எங்கயாவது பதிவாகியிருக்கா? இல்லன்னா இல்லன்னு சொல்லு, நான் போயிடறேன்."

சின்னவள் தலையசைத்தாள். 'ஆமாம்' என்று.

ஏன்? முதல் நோட்டில், பொய் சொல்ல வராதவள் என்று எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் நாள் மதியம் அக்காவிடம் ஆட்டிய தலையை என்ன செய்வது? இரண்டாம் நோட்டில், அவர் அதட்டினார், பயந்துவிட்டாள் என்று இருக்கிறது. அவர் அதட்டவில்லை. மூன்றாம் நோட்டில், சின்னவளுக்கு அந்த வரி வேண்டியிருந்தது என்று எழுதினேன். அடித்தேன். அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினேன்.

அந்த வரி தனக்கு வரும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

(தெரியும். முந்தின நாள் உடை அறையில் யாரும் இல்லாதபோது நர்ஸ் உடையை எடுத்துப் போட்டுப் பார்த்திருந்தாள். தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது.)

உதவி இயக்குநர் உச்சுக்கொட்டினார். பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ எங்கயும் தெரியல, இல்ல? உயரமும் சரியா இருக்கு. ஒரு வரி சொல்லிடுவியா?"

பெரியவள் இரண்டு கையிலும் டீயோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு டீயைத் தங்கைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தாள். இன்னொன்றைத் தானே குடித்தாள்.

6

நடுங்கினாள், நாலைந்து முறை தப்பாகச் சொன்னாள், கடைசியில் பெரியவளே வந்து சொல்லிக்கொடுத்தாள் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. முதல் முறையே சரியாக வந்துவிட்டது. 'உள்ள'வில் லேசாக ஒரு அழுத்தம், 'போங்க'வில் ஒரு களைப்பு. அது சின்னவளின் குரலே இல்லை. பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து ஆயிரம் தடவை கேட்ட குரல்.

"அட, பிரமாதம்மா!" என்றார் இயக்குநர். பெண்கள் முப்பதில் இருபத்தெட்டு பேர் சிரித்தார்கள்.

7

இனி முடிவு.

ஒன்று: வீட்டுக்குப் போனதும் பெரியவள் ஓங்கி அறைகிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (அறையவில்லை. அறைந்திருந்தால் நோட்டு எதற்கு?)

இரண்டு: படம் வெளிவருகிறது. இருவரும் தியேட்டருக்குப் போகிறார்கள். அந்தக் காட்சியையே வெட்டிவிட்டிருக்கிறார்கள். "இதுக்காடி?" என்று பெரியவள் சிரிக்க ஆரம்பிக்க

படம் இன்னும் வரவில்லை.

மூன்று: அன்று சாயங்காலம். வெயில் அறைக்குள் பாதிவரை வந்திருக்கிறது. பெரியவள் தன் மங்கலான மூன்று உடைகளை மடித்துப் பையில் வைக்கிறாள். சீப்பை எடுத்தவள், அது இருவருக்கும் ஒன்றுதான் என்பதால் திரும்ப வைத்துவிடுகிறாள். சின்னவள் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். பாதத்தின் வீக்கம் இன்னும் வடியவில்லை.

பெரியவளைத் திரும்பவைக்க ஒரு சொல் போதும். அது சின்னவளுக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் பார்த்ததுதானே. அந்தச் சொல்லுக்காக இங்கே ஒரு வரியை விட்டிருக்கிறேன்.

............................................

நிரப்ப முடிந்தால் நீங்கள் நிரப்புங்கள். என் நோட்டில் சின்னவள் வாயை அசைக்கிறாள், சத்தம் வரவில்லை. பெரியவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வலது காலை எடுத்துவைத்துப் படியிறங்குகிறாள். கடைசிப் படி வரைக்கும் முதுகுதான் தெரிகிறது.