குரைக்காத குட்டி

குரைக்கிற நாய்தான் வேண்டும் என்று கிளம்பும்போதே கோபியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். சொல்லி என்ன? ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விடுவது என் வீட்டுக்காரருக்குக் கைவந்த கலை.

நாய் கேட்டது ஆசையால் இல்லை, பயத்தால். எங்கள் இனியாவுக்கு ஐந்து வயது. மதியத் தூக்கத்தில் கண்ணைத் திறக்காமலே எழுந்து நடந்துவிடுவாள். அடி அண்ணாமலையில் எங்கள் வாசலை ஒட்டியே கிரிவலப் பாதை. வேனும் ஆட்டோவும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு தடவை, தூரத்துப் புளியமரத்தடியில் யாரோ பார்த்துத் தூக்கி வந்தார்கள். நானோ இட்லி மாவு அரைத்து விற்கிறவள். மூன்று மணிக்குக் கிரைண்டர் ஓடினால், அவள் காலில் மாட்டிவிட்ட கொலுசுகூடக் கேட்காது. ஒரு நாய் ஓடி வந்து என் காலடியில் குரைத்தால் கேட்குமே என்று நினைத்தேன்.

கீழ்பென்னாத்தூரில் சரசு அக்கா வீட்டில் ரெட்ரீவர் கலப்புக் குட்டிகள் ஐந்து இருந்தன. தாய் கோல்டன் ரெட்ரீவர், தகப்பன் ஏதோ தெரு நாய். கோபி ஒவ்வொன்றையும் பிடரியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். கத்தாத குட்டிதான் தைரியமான குட்டி என்று எங்கள் பக்கம் ஒரு கணக்கு. நான்கு குட்டிகள் கீச்சென்று கத்தின. ஐந்தாவது, தேன் நிறம், தொங்கிக்கொண்டே அவர் தோளுக்கு அப்பால் எதையோ பார்த்தது.

"இதான்," என்றார் கோபி. இனியாவும் அதையே கட்டிக்கொண்டாள்.

"இதுவா?" சரசு அக்கா இழுத்தார். "ரெண்டு வூட்ல வாங்கினு போய்த் திருப்பிக் குடுத்துட்டாங்கம்மா. படுக்கறப்ப, பக்கத்துல யாரோ இருக்கற மாதிரி எடம் வுட்டே படுக்குதாம்."

"மரியாதை தெரிஞ்ச குட்டி," என்று கோபி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிரிவலம் போகிறவர்கள் மலையோரத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு இடப்பக்கமாக நடப்பது வழக்கம். இந்தக் குட்டி என் வீட்டு வாசற்படியிலும் அப்படித்தான். மலைப்பக்கம் ஓர் ஆள் நடக்க இடம் விட்டுப் படுக்கும். மூன்று மாதத்தில் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. பால்காரர், பூனை, யாரைப் பார்த்தும் இல்லை. தண்டச்சோறு என்று திட்டுவேன். வாலை ஆட்டும்.

போன செவ்வாய்க்கிழமை கரண்ட் போய்க் கிரைண்டர் நின்றது. எட்டிப் பார்த்தேன். பாய் காலி. கதவு திறந்திருந்தது.

ஓடினேன். பாதையில் இனியா கண் மூடியபடி போய்க்கொண்டிருந்தாள். பெரியவர் யாருடைய கையையோ பிடித்து நடக்கிற குழந்தை மாதிரி அவள் வலது கை உயர்ந்திருந்தது. இடப்பக்கம் குட்டி. அந்தக் கைக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தை அண்ணாந்து பார்த்து வாலாட்டிக்கொண்டே போனது.

கத்திக்கொண்டே பாய்ந்து அவளை இழுத்தேன். வலது கை மட்டும் உடனே வரவில்லை. அப்போதுதான் குட்டி முதல்முறையாகக் குரைத்தது. என்னைப் பார்த்து. பிள்ளை பிடிக்க வந்தவளைப் பார்ப்பதுபோல.

இரண்டு நாள் இனியாவுக்கு அனலாய்க் காய்ச்சல்.

"சோறு போட்டவளையே பாத்துக் குரைக்குது. இது நம்ம பக்கம் இல்லீங்க. கொண்டு போய் வுட்டுடுங்க," என்றேன். வியாழக்கிழமை மதியம் கோபி குட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு போனார். நான் கதவைத் தாழிட்டு, கிரைண்டரைப் போடாமல், தூங்குகிற பிள்ளையின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து விழித்தாள். "குட்டி எங்கம்மா?"

"சரசு அக்கா வூட்டுக்கே போயிடுச்சு."

"அப்ப என்னை யாரு திருப்பிக் கூட்டினு வருவாங்க?"

"எங்க இருந்துடி?"

"தெனமும் போவோமே. புளியமரம் வந்ததும் குட்டி என் சட்டையக் கவ்வி இழுக்கும். நாங்க திரும்பிடுவோம். அவங்க மட்டும் போயிடுவாங்க." கொட்டாவி விட்டாள். "குட்டி இல்லாம வர்றியான்னு காய்ச்சல்ல வந்து கேட்டாங்க."

"அவங்கன்னா யாருடி?"

மறுபடி தூங்கிப்போயிருந்தாள்.

தினமும். நான் மாவு அரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் தண்டச்சோறு என்று திட்டிய நாய் என் பிள்ளையை வீடு சேர்த்திருக்கிறது. எழுந்து போய்க் கோபிக்குப் போன் போட்டேன்.

"சரசு அக்கா வூட்ல வுட்டுட்டு, பாதி வழி வந்துட்டேன்," என்றார்.

"திரும்பிப் போங்க. தூக்கினு வாங்க. எதுவும் கேக்காதீங்க."

போனை வைப்பதற்குள் பின்னால் கொலுசுச் சத்தம். நான் போட்ட தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. இனியா கண் மூடியபடி படி இறங்கிக்கொண்டிருந்தாள். வலது கை உயர்ந்திருந்தது.

இழுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தாகிவிட்டது. பிறந்ததிலிருந்து வாயை மூடாத நான் வாயை மூடிக்கொண்டேன். ஓடிப்போய் அவளுக்கு இடப்பக்கமாகச் சேர்ந்து நடந்தேன், மலைப்பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு. அவள் சட்டை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தூரத்தில் புளியமரம் தெரிந்தது.