மாற்றச் சொன்ன ஒரு வரி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மதிப்பெண்ணோடு ஓர் அனுபவக் கட்டுரையும் கேட்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. அப்படித் திருத்த வந்த ஒன்றைத்தான் இப்போது கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். திருட்டு என்றால் திருட்டுதான்.

'மழை கொட்டிய ஒரு காலையில் அவள்'

வேண்டாம். அன்று மழை இல்லை.

2

அந்தக் கட்டுரையை எழுதியவள் இரண்டாவது வருடமாக நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தில் 'அனுபவம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று, நோயை வருமுன் கண்டுபிடிக்கும் கருவிகள் செய்கிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். மணிக்கட்டில் ஒரு பட்டை. அது இதயத் துடிப்பைக் கணினிக்கு அனுப்பும். துடிப்பு தாளம் தப்பினால் திரையில் மஞ்சள் புள்ளி. அது நிஜமா, கை ஆடியதால் வந்த பொய்யா என்று பிரித்து, நிஜத்தை மருத்துவரின் வரிசைக்குத் தள்ளுவது அவள் வேலை. பட்டை கட்டியவரிடம் நேராக எதுவும் சொல்லக்கூடாது. சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

(விதியைக் குறை சொல்லவில்லை. அரைகுறையாகப் படித்தவர் வாயால் வியாதியின் பெயரைக் கேட்டால் யாருக்கும் கை கால் ஓடாது.)

3

பட்டை கட்ட ஆள் சேர்க்க பஸ் டிப்போவுக்குப் போனாள். யாரும் மசியவில்லை. ஒரு டிரைவர் மட்டும் கையை நீட்டினார்.

"கட்டும்மா. எனக்கும் ஒரு டாக்டரைத் தெரியும்னு சொல்லிக்கிறேன்."

அன்றிலிருந்து அவள் அவருக்கு டாக்டரம்மா. இன்னும் ஆகவில்லை என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். உள்ளுக்குள் அது பிடித்திருந்தது. (இது கட்டுரையில் இல்லை, என் ஊகம்.)

4

ஒரு திங்கட்கிழமை அவர் துடிப்பில் மஞ்சள் புள்ளி. அடுத்தடுத்து ஆறு. நிஜம் என்று அவளுக்குத் தெரிந்தது; வரிசைக்குத் தள்ளினாள். மருத்துவரின் வரிசையில் முன்னூறு பேர் காத்திருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள். மருத்துவர் புதன்கிழமைக்குள் பார்த்துவிடுவார், முறைப்படிதான் போகும் என்றார் அவர். டிரைவரின் எண் அவள் போனில் இருந்தது. செவ்வாய் மதியம் போனை எடுத்து, எண்ணைப் பார்த்துவிட்டு, கீழே வைத்தாள். தெரிந்தால் வேலை போகும், விண்ணப்பத்துக்கான அனுபவச் சான்றிதழும் போகும்.

புதன் காலை அவர் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் சாய்ந்தார். பயணிகள் ஒருவருக்கும் கீறல் இல்லை. அவர்

(மூன்று முறை தொடங்கிவிட்டேன்.) ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

5

பத்து நாள் கழித்து அவர் மனைவி பட்டையைத் துடைத்து, சார்ஜரோடு அவளிடம் கொண்டுவந்தார்.

"குளிக்கும்போதுகூடக் கழட்டமாட்டாரும்மா. டாக்டரம்மா பாத்துக்கிட்டே இருக்கும்னு சொல்வாரு. இதுல ஏதாவது முன்னாடியே தெரிஞ்சுதா?"

"எனக்குத் தெரியாதுக்கா. டாக்டர்தான் சொல்லணும்."

6

இவ்வளவையும் அவள் கட்டுரையில் எழுதியிருந்தாள். படித்துவிட்டு நான் சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை போன் பண்ணினே, அவர் எடுக்கலைன்னு மாத்திடு. ஒரே வரிதான்."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"அந்த அக்கா இதைப் படிக்க மாட்டாங்கதானே சார்?"

"மாட்டாங்க."

தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

7

தேர்வானவர்கள் பட்டியல் நேற்று வந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. அவள் தேர்வாகியிருந்தால் எந்த வரியால் என்று பட்டியல் சொல்லாது. ஆகாவிட்டாலும் சொல்லாது. உங்களுக்குத் தோன்றிய வரியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மேசையில் இன்னும் பதினோரு கட்டுரைகள் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் யாரோ யாரையோ காப்பாற்றியிருக்கிறார்கள்.