சால்வை முனையில் ஒரு முடிச்சு

இந்தக் காலத்தில் குடி வருகிறவர்கள் வாடகையோடு நிற்பதில்லை. வீட்டுக்காரனுக்குப் புத்தியும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பிள்ளைப்பாக்கத்தில் ஆறு அறை கட்டி விட்டிருந்த கோதண்டத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. மூன்றாம் அறை மாரிசெல்வி தெற்கத்திப் பெண், கம்பெனியில் ஒயர் செருகுகிறவள். போன வாரம் அவருடைய டிரங்குப் பெட்டி திறந்திருந்தபோது எட்டிப் பார்த்துவிட்டாள்.

"தாத்தா, இந்தப் பாச்சா உருண்டைய நாய் தின்னா உசுருக்கே மோசம். துணிய வெயில்ல காட்டி, நல்லா உதறி, வேட்டித் துணியில இறுக்கிக் கட்டி வைங்க. பூச்சி அண்டாது."

"உன் வேட்டியப் பார்த்து பூச்சி பயந்துகினு ஓடுமா? நாய்க்கு மூக்கு கீதும்மா. நாறுறதைத் தின்னாது."

இந்த வாரம் ஒருநாள் காலை அவர் வளர்க்கும் அந்த நாய், கருவாயன், தண்ணீர்த் தொட்டி ஓரம் மூன்றாவது முறையாக வாந்தி எடுத்தது.

உருண்டை உருண்டு ஓடக் கூடாதென்று, சில்லறை முடிவதுபோல ஒவ்வொரு துணியின் முனையிலும் ஒன்றை முடிந்து வைப்பது கோதண்டத்தின் வழக்கம். மார்கழிக் குளிருக்குக் கம்பளிச் சால்வையை எடுத்துப் போர்த்தினவர் முடிச்சை மறந்துபோனார். ராத்திரி சால்வையைக் கட்டிலில் போட்டார். காலையில் முடிச்சு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

அவர் வாசலுக்கும் தொட்டிக்கும் நடந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். நைட் ஷிப்ட் முடித்து வந்த மாரிசெல்வி சால்வையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள்.

"எத்தன முழுங்குச்சு?"

"ஒண்ணு. வெளக்கெண்ணெ ஊத்தட்டா? எல்லாம் வந்துடும்."

"ஒண்ணும் ஊத்தாதீங்க தாத்தா. தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேரும்வரை மடியிலிருந்த நாய் நடுங்கியது. மாட்டு டாக்டர் இரண்டு ஊசி போட்டார். "ரெண்டு நாள் போனாத்தான் சொல்ல முடியும். ஈறு வெளுத்தா உடனே தூக்கினு வாங்க."

வீட்டுக்கு வந்தபின் கோதண்டம் நொடிக்கொரு தரம் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பா, வெளுப்பா? நிழலில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி. அவருக்குப் பிடிபடவில்லை. சோறும் இறங்கவில்லை.

மறுநாள் மாரிசெல்வி கேட்காமலே பெட்டியை வெளியே இழுத்தாள். முடிச்சுகளை அவிழ்த்து உருண்டைகளை ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடினாள். சால்வைகளைக் கொடியில் போட்டாள். அவர் மனைவியின் பட்டுப் புடவையை மட்டும் இளவெயிலில் விரித்து, மடிப்பை மாற்றி மடித்து, பழைய வேட்டியில் சுற்றினாள். பெட்டி மூலையெல்லாம் துடைத்தாள்.

"மூணு மாசத்துக்கு ஒருக்கா இப்படிச் செஞ்சாப் போதும்."

"பூச்சி அரிச்சா நீ புதுசு எடுத்துக் குடுப்பியா?"

"ஓ.டி. வேல பாத்து எடுத்துத் தாரேன். நாய முதல்ல பாருங்க."

கருவாயன் தண்ணீரில் நாக்கை இரண்டு முறை நனைத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டது. கோதண்டம் மறுபடி உதட்டைத் தூக்கினார்.

"ரெண்டு நாள் இன்னும் முடியல தாத்தா. நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை."

"இதெல்லாம் உனக்கு இன்னா தெரியும்? அந்த டாக்டருக்குத்தான் இன்னா தெரியும்? வெயிலாம், வேட்டியாம்."

நாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கொடியில் ஆடிய சால்வைகளைத் திரும்பிப் பாராமல், மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.