யன்னல் இல்லாத கிழக்குச் சுவர்

வெள்ளவத்தையில் என் வீட்டைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். ஓட்டுக் கூரை இல்லை, தூண் இல்லை, முகப்பில் ஒரு பூவேலைகூட இல்லை. கொங்கிறீற்றில் கட்டிய வெள்ளை வீடு; மூலைகள் வளைந்து, மேலே தட்டையாக இருக்கும். கப்பல் வீடு என்று பெயரும் வைத்துவிட்டார்கள். கடல் பார்ப்பதற்காகக் கட்டியது என்று நினைத்துக்கொண்டு போவார்கள், நான் திருத்துவதில்லை. அது என் அண்ணனைப் பழிவாங்கக் கட்டிய வீடு.

எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ஆண்பிள்ளை தன் மனைவி கொண்டுவரும் வீட்டில் குடியிருப்பான். ஐயா வெள்ளவத்தைக் கடற்கரையோரம் கட்டிய வீடு எனக்கென்றுதான் என்பது ஊருக்கே தெரியும். ஐயா கண்ணை மூடியதும் அண்ணன் நமசிவாயம் அந்த வீட்டில் இருந்துகொண்டே எனக்கு மாப்பிள்ளை பேசினார். பேச்சு முற்றி வந்தபோது, வீடு இல்லை, வீட்டுக்கு முன்னால் றெயில் தண்டவாளத்தோடு நீளமாகக் கிடக்கும் மணல் துண்டுதான் சீதனம் என்றார். மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை; மணல் துண்டு மட்டும் என் பேரில் இருந்தது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டு, வாடகை அறையில் எனக்குத் தலை நரைத்தது.

றெயில் புகைக்குள் அந்த மணலில் எவரும் குடியிருக்கமாட்டார்கள் என்பது அண்ணனின் நினைப்பு. அவர் விட்ட பிழை அதுதான். அந்தத் துண்டு அவருடைய வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்தது. அவருக்குக் காற்றெல்லாம் என் நிலத்தைத் தாண்டித்தான் வந்தது.

1938இல் பற்றிக் என்ற கட்டடக் கலைஞரைப் பிடித்தேன். கொட்டாஞ்சேனைக்காரர், பம்பாயில் கட்டடக்கலை படித்துவிட்டு வந்தவர். அலங்காரம் என்பது பொய், வீட்டில் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும், அதை ஒளிக்காமல் காட்ட வேண்டும் என்று பிரசங்கமே செய்தார். எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. அண்ணன் வீட்டைப் பார்த்த கிழக்குச் சுவருக்கு நான் ஒரு வேலை சொன்னேன். நிலத்தின் முழு நீளத்துக்கும் இரண்டு மாடி உயரத்துக்கும் எழும்பி, ஒரு யன்னல்கூட இல்லாமல் அது நிற்க வேண்டும். மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வழிவிடத்தான் இந்தப் புதிய கட்டடங்களே வந்தன, நீங்கள் கேட்பது அதற்குச் செய்யும் துரோகம் என்றார்.

"காத்து வெளிய போக வழியில்லாட்டி உள்ளுக்கும் வராது, ரீச்சர். நீங்களும் சேர்ந்துதான் வேகப்போறியள்."

விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு அது தெரியாதா? கட்டுங்கள் என்றேன்.

வீடு எழும்பிய கையோடு அண்ணன் வீட்டு விறாந்தை செத்துப்போனது. பொரித்த மீனின் மணம் மறுநாளும் அறைக்குள் நின்றதாம். தோய்த்த வேட்டி காயவில்லையாம். அண்ணி இரத்தினம்மா விசிறியும் கையுமாகவே திரிகிறாள் என்று சந்தையில் ஒருத்தி சொன்னாள். கேட்கக் கேட்க இனித்தது. கடலை முன்னால் வைத்துக்கொண்டு எனக்கும்தான் வியர்வை ஊற்றியது. அதையும் சந்தோஷமாகவே துடைத்தேன்.

கடைசியில் அண்ணனே வந்தார். மெலிந்து போயிருந்தார். நான் இருக்கச் சொல்லவில்லை. நின்றபடியே அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கு இழுப்பு, பிள்ளை. படுத்தா மூச்சு முட்டுது. இதில ஒரு யன்னல் வை. வீட்டை உனக்கே எழுதித் தாறன்."

இத்தனை காலமும் நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. காதில் விழுந்ததும் ஆத்திரம் தணியவில்லை, தலைக்கேறியது.

"இப்ப தந்து? இந்த வயசில எனக்கு ஆரைக் கட்டி வைக்கப்போறியள், அண்ணை?"

அவர் படியிறங்கினார். கொஞ்ச நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு மருதானைப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்கள். நான் வென்றுவிட்டேன். பூட்டிய கதவை மேல்மாடியில் நின்று பார்க்கலாம் என்று போனால், அந்தப் பக்கம் பார்க்க எனக்கு யன்னல் இல்லை.

செய்தி கேட்டுப் பற்றிக் வெண்கட்டியோடு ஓடி வந்தார். கிழக்குச் சுவரில் பெரிய பெரிய சதுரங்களாக வரைந்தார். இனி இந்த வீடு மூச்சு விடலாம், மேசனுக்கும் சொல்லிவிட்டேன் என்றார். அவர் வரைந்து முடியுமட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஈரத்துணியை எடுத்து எல்லாவற்றையும் அழித்தேன்.

"அங்கதான் ஒருத்தரும் இல்லையே, ரீச்சர். இனி ஆருக்கு மறிக்கிறியள்?"

"அவர் திரும்பி வந்தா?"

பற்றிக் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பின்னால் கடல் இரைந்தது. நான் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அண்ணன் வருவார். வரத்தான் வேண்டும். வராமல் போனால் நான் யாரோடு கோபித்துக்கொண்டிருப்பது?